கோர்ட்டில் அப்பா சொன்ன பேர்

என் அப்பாவுக்கு இரண்டு பேர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று, எஸ்டேட்டின் ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் விழுந்தது இன்னொன்று. செக்ரோல் பேர் உண்மையில் என் பெரியப்பாவுடையது. அவர் கொஞ்ச காலம் தேயிலைக் காட்டில் வேலை பார்த்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் தென்காசிப் பக்கம் ஊருக்கே திரும்பி, கல்யாணம் ஆகாமலே செத்துப்போனார். அவர் விட்டுப்போன இடத்துக்கு அப்பாவைக் கூட்டிவந்த கங்காணி, புதுப் பேர் எழுதுகிற தொல்லை எதற்கென்று அண்ணன் பேரிலேயே தம்பியை நிறுத்திவிட்டார். எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இது ஒரு அதிசயமே இல்லை. அடுத்த வீட்டு அத்தை அவளுடைய சின்னம்மா பேரில்தான் கொழுந்து கிள்ளினாள். காலையில் ஆள் எண்ணும்போது எந்தப் பேரைக் கூப்பிடுகிறார்களோ அதற்குக் குரல் கொடுத்துவிட்டு மலையேற வேண்டியதுதான்.

அம்மா ஒருநாளும் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பினவள். ஆனால் செக்ரோல் பேரை எங்கே கேட்டாலும் பளிச்சென்று சொல்வாள். அதுதான் அவர் பேரே இல்லையே, அப்புறம் என்ன பயம். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, என் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் அப்பா தன் அண்ணனாகத்தான் இருந்தார். வீட்டுக்குள் வந்து கம்பளியைக் கழற்றிப்போட்ட பிறகுதான் அவர் அவரானார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் செக்ரோல் பேரைச் சொல்லித்தான் அழுதார்கள். குழிமேட்டில் நட்ட பலகையிலும் அதையே எழுதினார்கள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்ததும், "செத்த பெறகாவது அவுக பேர அவுகளுக்குக் குடுத்திருக்கலாம்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் எனக்குச் சுலபமாக வரும், இன்றைக்கும்.

வேலை பார்த்த ஆள் போய்விட்டால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அம்மா அதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். நான் மூணாறில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன், அது வீடு கொடுக்கிற வேலை இல்லை. அம்மாவுக்கென்று மிச்சமிருந்தது சித்திரபுரத்துக்குக் கீழே ஒரு துண்டு பூமி. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் காடு வெட்டி, மண்சுவர் எழுப்பி, தகரம் போட்டு வைத்த இடம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பக்கத்து நிலக்காரர் அதை வளைக்கப் பார்த்தார். அப்பா தேவிகுளம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். பட்டா கிட்டா எதுவும் கிடையாது, அந்தத் தீர்ப்பு ஒன்றுதான் ஆதாரம். எங்களிடமிருந்த நகல் ஒரு மழையில் கூரையோடு சேர்ந்து கூழாகிவிட்டது. அப்பா இல்லை என்று தெரிந்ததும் அந்த ஆள் வேலியை மறுபடி இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பேப்பர் இருந்தா கொண்டாங்க, பேசிக்கிடலாம்" என்றார். பேப்பர் கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு கூரை. கிடைக்காவிட்டால் தெரு.

அந்த வழக்கைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மா நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அப்பாவுக்குப் பச்சைத்தண்ணீர் என்றாலே ஆகாது. முகம் கழுவக்கூட வெந்நீர் கேட்பார். கோர்ட்டில் அவர் சாட்சி சொன்ன அன்றைக்கு அம்மா சோறு கட்டிக்கொண்டு கூடவே போய், வெளியே மரத்தடியில் காத்திருந்தாள். உள்ளேயிருந்து வந்தவர் நேரே ரோட்டுக்குக் கீழே ஓடைக்கு இறங்கினார். அடிக்கிற காற்றில், கட்டிய வேட்டியோடு தலையை முக்கி எழுந்து, நடுங்கிக்கொண்டே மேலேறி வந்தார். கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். "கேஸு ஜெயிக்கப் போற குஷியில மனுசனுக்குக் குளிரே தெரியல" என்று லயம் பூராவும் சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் அப்பா எப்போது வெந்நீர் கேட்டாலும், "ஏன், கோர்ட்டு ஓடை காஞ்சுபோச்சாக்கும்?" என்று யாராவது கேலி செய்வார்கள். அப்பா லேசாகச் சிரிப்பார்.

நானும் அம்மாவும் தேவிகுளத்துக்குப் போனோம். கோர்ட்டில் பழைய கட்டுகளைப் பார்க்கும் குமாஸ்தா மலையாளி, பொறுமையான மனிதர். வழக்கு நம்பர் கேட்டார், இல்லை என்றேன். வருஷம் கேட்டார். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, தேடிப் பார்க்கச் சொல்லி ஒரு மனு எழுதித்தரச் சொன்னார். வாதி பேர் எழுத வேண்டிய இடத்தில் என் பேனா நின்றது. செக்ரோல் பேரை எழுதப் போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, அவுக பேர எழுது. கோர்ட்டுல சத்தியம் வாங்குவாக. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லுத ஆளா ஒங்கப்பா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்திலாவது அப்பா தன் பேரைச் சொல்லியிருப்பார் என்று நினைப்பது நன்றாகவும் இருந்தது. அவருடைய சொந்தப் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுபடி போனபோது குமாஸ்தா தலையை ஆட்டினார். அந்த வருஷத்திலும் இல்லை, முன்னே பின்னேயும் இல்லை. அந்தப் பேரில் யாரும் வழக்குப் போட்டதில்லை. அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் பாய்ந்தேன். சரியாக ஞாபகம் இருக்கிறதா, இந்தக் கோர்ட்டுதானா, ஜெயித்தது நிஜந்தானா என்று கத்தினேன். "மரம் அந்தா நிக்கி. நான் உக்காந்திருந்த மரம்" என்று மட்டும் சொன்னாள். உள்ளுக்குள் எனக்கு வேறு பயம். வேலி நகர்ந்துவிட்டது, இன்னும் சில வாரங்களில் லயத்து வீட்டுச் சாவியைக் கேட்பார்கள், அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

குமாஸ்தாவுக்கு எங்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு மனுத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, அம்மா பேரிலேயே தாமே எழுத ஆரம்பித்தார். நடுவில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "பர்த்தாவு பேரு எந்தா அம்மா?" என்று கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. செக்ரோல் பேரைப் பளிச்சென்று சொன்னாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் பேனாவோடு உட்கார்ந்து கேட்டால் எங்களுக்கு அந்தப் பேர்தான் வரும். அப்பாவுக்கு மட்டும் வேறென்ன வந்திருக்கும்?

"சத்தியம் வாங்கிருப்பாகளே" என்றாள் அம்மா மெதுவாக. நான் குமாஸ்தாவிடம், அந்தப் பேரிலேயே தேடச் சொன்னேன்.

வழக்கு இருந்தது. பேரும் வருஷமும் அப்படியே பொருந்தின. குமாஸ்தா, தீர்ப்பு மட்டும் போதுமா, சாட்சி சொன்னதற்கும் பகர்ப்பு வேண்டுமா என்று கேட்டார். மலையாளத்தில் நகலைப் பகர்ப்பு என்பார்கள், எங்கள் பக்கத்துத் தமிழிலும் அதே பேச்சுதான். எனக்குத் தீர்ப்பு போதும். அம்மாதான் முன்னால் வந்தாள்.

"அவுக பேசுனது எழுதி இருக்காய்யா? அவுக வாயால சொன்னது?"

இருக்கிறது என்றார்.

"அப்பம் அதயும் வாங்கு தாயி. ஒருக்கா கேக்கணும்."

செலவைப் பற்றி முணுமுணுக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் போட்டோகூட எங்களிடம் கிடையாது. நகலுக்கு முத்திரைத்தாள் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டில் எங்கள் மனு நம்பர் வரும்வரை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் வந்து வந்து பார்த்தேன். வந்தது, கட்டினேன். நகல் கையில் கிடைக்கிற அன்றைக்கு அம்மா தானும் வருவேன் என்றாள். வெளுத்த சேலை கட்டி, எங்கேயோ விருந்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள்.

அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தோம். மலையாளத்தில் எழுதியிருந்ததை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் தீர்ப்பு. பூமி வாதிக்கே உரியது, எதிராளி உள்ளே வரக் கூடாது. அம்மா கும்பிட்டாள். அப்புறம் சாட்சி. பேர், வயசு, எஸ்டேட் வேலை. பேர் பெரியப்பாவுடையது.

எதிராளியின் வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டிருந்தார். அந்த நிலக்காரருக்கு அப்பாவுக்கு ஊரில் வைத்த பேர் தெரிந்திருக்கிறது. இந்த இடத்தைத் திருத்தியது நீர் இல்லை, உம் தம்பிதானே என்று கேட்டு, அப்பாவின் சொந்தப் பேரைச் சொல்லியிருந்தார் வக்கீல். அந்த ஆள் நான்தான் என்று அப்பா சொல்லியிருந்தால் வேறு பேரில் வேலை செய்தது வெளியே வந்து வேலையும் போயிருக்கும், பூமியும் போயிருக்கும்.

"தம்பி ஒருத்தன் இருந்தான். செத்துவிட்டான்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

எப்படி? காய்ச்சலில்.

நான் நிறுத்தினேன். அடுத்த வரியைப் பார்த்துவிட்டேன். தாளை மடக்கப் போனபோது அம்மா, "இன்னும் இருக்குல்ல, படி" என்றாள்.

"அவனுக்குப் பெண்சாதி பிள்ளைகள் உண்டா?"

"இல்லை. யாரும் இல்லை."

அவ்வளவுதான். கீழே அப்பாவின் பெருவிரல் ரேகை இருந்த இடத்தில், ரேகை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. உள்ளே அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லாத அந்தப் பெண்சாதி வெளியே சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அந்த ஒரு துண்டு பூமி எங்களுக்காகத்தான் என்று நினைத்ததும் கோபம் நிற்கவில்லை, அழுகையாக மாறிவிட்டது.

அம்மா அழவில்லை. ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து போயிற்று. எங்களில் சாவு விழுந்தால் தலை முழுகாமல் யாரும் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டோம்.

"அதுக்குத்தான் முழுகிருக்காக" என்றாள். "நான் சிரிச்சேன். ஊரே சிரிக்கும்படியா வச்சேன்."

நகலைக் காட்டியதும் நிலக்காரர் வேலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அதில் ஒரு தகராறும் வரவில்லை. பூமிக்கு அம்மா பேரில் கரம், அதாவது நிலவரி, கட்ட வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். எஸ்டேட் கொடுத்த காகிதத்திலும், சாவுச் சான்றிதழிலும், தீர்ப்பிலும் ஒரே பேர். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாட்சி நகலைப் புரட்டிய அதிகாரி ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுல ஒரு தம்பி இருக்கே? அவர் வகையில ஆரெங்கிலும் பங்கு, அவகாசம் கேட்டு வருமோ?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள்.

"கொழுந்தன் ஒருத்தர் இருந்தாக. அப்பமே செத்துட்டாக. அவுகளுக்கு யாரும் இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். அம்மா ரேகை வைத்தாள். வெளியே வந்து, விரலிலிருந்த மையைச் சுவரில் துடைத்துவிட்டு, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"போனதும் எனக்கு வெந்நி போட்டுறாத. தலைக்குப் பச்சத்தண்ணி போதும்."