நீலப் பத்திரிகைக் கப்பல்கள்

அவலூர்பேட்டையில் என் தங்கை வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மாப்பிள்ளை கல்லூரிக் காலத்தில் வாங்கிய கோப்பைக்கும் பாப்பாவின் முதல் பிறந்தநாள் படத்துக்கும் நடுவில் ஒரு வாழ்த்து அட்டை திறந்தபடி நிற்கிறது. திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பாய்மரக் கப்பல் எழுந்து நிற்குமாறு வெட்டி மடித்த அட்டை. நீலத் தாளில் அடுக்கடுக்காக அலை, வெள்ளைத் தாளில் புடைத்த பாய்கள், நூலால் பின்னிய கயிற்றேணி, முகப்பில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு நங்கூரம். வருடக்கணக்காக மூடாமலே வைத்திருப்பதால் மடிப்பு தளர்ந்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சென்ற மாசியில் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க பெரிய அண்ணி கையால செஞ்சது அக்கா. கடையில இந்த மாதிரி கெடைக்காது” என்றாள் தங்கை. அவள் குரலில் இருந்தது பெருமைதான். கையிலிருந்த காப்பியை எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

அண்ணி கடலூர் முதுநகர்க்காரர். அவருடைய அப்பா துறைமுகத்தில் சரக்கு எடைபோடும் இடத்தில் வேலை பார்த்தவர். தோணிகளையும் தூரத்தில் நிற்கும் கப்பல்களையும் பார்த்து வளர்ந்த பெண், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு செஞ்சியில் கிருஷ்ணகிரிக் கோட்டைமலைக்குக் கீழே உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். “எந்த ஜன்னலத் தொறந்தாலும் கல்லுதான் தம்பி. கண்ணு போயி முட்டிக்கிது” என்று வந்த புதிதில் என்னிடம் சொன்னார். நான் இந்த ஊரின் பழஞ்செய்திகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பவன். கோட்டை யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அந்தக் கல்லைப் பார்த்து ஒருவருக்கு மூச்சு முட்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மத்தியான நேரத்தில் அண்ணி அட்டை செய்ய உட்கார்ந்தார். பழைய எக்ஸ்ரே படத்தில் கப்பலின் பாகங்களை அச்சாக வெட்டி வைத்திருப்பார். அந்த அச்சைத் தாள்மேல் வைத்து பிளேடால் சுற்றிவருவார். மடிப்பைக் கரண்டிக் காம்பால் நீவுவார். பாய்க்குரிய தாளைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் காற்று அடைத்தது போல வளைந்து நிற்கும். நூல் தொய்யாமல் இருக்க மெழுகுவத்தியில் ஓர் இழுப்பு. கலங்கரை விளக்கம், தோணி, நண்டு, சங்கு என்று என்னென்னவோ செய்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஸ்டேஷனரிக் கடையில் கொண்டுபோய் வைத்தோம். கடைக்காரர் ஒன்றைத் திறந்து பார்த்து, “செஞ்சியில எவன் சார் கப்பலு கேக்குறான்? புள்ளையாரு போட்டு எடுத்தாரச் சொல்லு, போவும்” என்றார். அண்ணி அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் மட்டும் செய்யவில்லை.

கோட்டை பார்க்க வந்த ஒரு புதுச்சேரிக்கார அம்மாள் அந்தக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப்போய் அட்டைகளைப் பார்த்தார். கடற்கரை அருகே கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவர். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் ஒரு தொகுதி செய்து தரவேண்டும், அது குறித்த நேரத்துக்கு வந்துசேர்ந்தால் வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரிக்கு வந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை உறுதி என்றார். “மாடியில ரூம் இருக்கும்மா. ஜன்னலத் தொறந்தா கடல்” என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி தன்னையறியாமல் எங்கள் கூடத்து ஜன்னலைப் பார்த்ததை நான் கவனித்தேன். அண்ணன் உரக்கடையிலிருந்து வந்ததும், “தங்கச்சி கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்” என்றார். முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சம்மதம் என்றே அர்த்தம்.

தங்கையின் கல்யாணம் முடியவில்லை, நின்றது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு, மாசி மாதம். பத்திரிகை அச்சாகி வந்து, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்து, மற்றவற்றின் நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவி முடித்த வாரத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஒரே போனில் உறவை முறித்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தங்கை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பத்திரிகை கருநீலம். வெளிச்சத்தில் பிடித்தால் மீன் செதில் போல மினுங்கும். “மங்கள காரியத்துக்கு எவளாவது நீலத்துல அடிப்பாளா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகைக் கட்டுகள் பரண்மேல் போயின. மஞ்சள் தடவிய பத்திரிகையைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. ஆடிப்பெருக்கன்று கழனிக் கிணற்றில் கரைத்துவிட்டு, ஆவணியில் புது வரன் பார்க்கலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தார்.

சித்திரையிலிருந்து அண்ணி அந்தத் தொகுதியைச் செய்யத் தொடங்கினார். கருநீலக் கடல். கடைக்கார அம்மாளுக்கு மாதிரி அனுப்பியபோது, இதே தாளில்தான் எல்லாம் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததால் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அண்ணி பேச்சுவாக்கில் சொன்னபோது, புதுச்சேரியில் வாங்கிய தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கன்று காலையில் அண்ணன் பரணில் ஏறினார். கட்டுகள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. நீலம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. அண்ணியின் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை அம்மா கூடத்து நடுவில் கவிழ்த்தார். மறுநாள் புதுச்சேரி பஸ்ஸில் போகவேண்டிய கப்பல்கள்.

“இன்னாடி இது? எம் பொண்ணு பேரு எழுதுன பத்திரிகையில கத்திரி வெச்சிருக்கிறியே, ஆவணியில வர்றவன் எப்டி நிப்பான்?”

“நானா எடுக்கல அத்தை. அவதான் ‘எடுத்துக்கோ அண்ணி, கப்பலாவது ஆவட்டும்’னு குடுத்தா.”

எல்லாரும் தங்கையைப் பார்த்தோம். அவள் வாசற்படியில் நின்று ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டை எடுக்காமலே, “நான் இன்னாத்துக்குக் குடுக்கப்போறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். அன்று சாயங்காலம் நான் தனியாகக் கேட்டபோதும் அதே பதில்தான். ஒரு சம்பவத்துக்கு இரண்டு சாட்சியம் இருந்தால் இரண்டையும் குறித்துவைப்பது என் வழக்கம். ஆனால் வீட்டில் ஒரு சாட்சியம்தான் செல்லுபடியானது. வந்தவள் சொன்னது பொய், பிறந்தவள் சொன்னது நிஜம்.

அன்றே கழனிக்குப் போனோம். மிச்சக் கட்டுகளை அம்மா பிரித்துப் போட்டார். அவை கனத்தில் இறங்கிவிட்டன. கப்பல்கள் இறங்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்ததும் பாதி அட்டைகள் விழும்போதே திறந்துகொண்டன. கிணற்றுத் தண்ணீரில் பாய் விரித்த கப்பல்கள் சுவரில் இடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. மெழுகு பூசிய நூல் அவ்வளவு உறுதி. “மெதக்குது பாருடா, அமுக்கு, அமுக்கு” என்று அம்மா கத்த, அண்ணன் துரட்டியால் ஒவ்வொன்றாகக் குத்தி அமுக்கினார். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தார். நிற்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார், தோஷம் கழியவேண்டுமே. அவர் செய்த கப்பல்கள் தண்ணீரைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

புதுச்சேரி அம்மாள் இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை அண்ணன் எடுத்து, “அவங்களுக்கு உடம்பு சரியில்லீங்க” என்றார். இரண்டாவது முறை, “அதெல்லாம் உட்டுட்டாங்க” என்றார். அடுத்த தையில், ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்பு, தங்கைக்கு அவலூர்பேட்டையில் நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை மஞ்சள் நிறம். தோஷம் கழிந்ததால்தான் நடந்தது என்பதில் அம்மாவுக்கு இன்றும் சந்தேகமில்லை. அண்ணி அதற்குப்பின் தாளில் பிளேடு வைக்கவில்லை.

சென்ற மாசியில் பக்கத்து வீட்டு அம்மா போனபிறகு, அந்த அட்டை எப்படித் தப்பியது என்று தங்கையிடம் கேட்டேன். “மொதல்ல செஞ்சதை எனக்குத்தான் குடுத்தாங்க சின்னண்ணா. நான்தான பரண்லேர்ந்து எடுத்துக் குடுத்தேன்” என்றாள். சொன்னபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “அப்ப பயமா இருந்துச்சி. அம்மா கொன்னே போட்டிருக்கும். இப்ப இன்னா அதுக்கு, எல்லாம் நல்லாத்தான இருக்குது?” பிறகு, “பாப்பா பொறந்த நாளுக்கு இந்த மாதிரி இன்னொண்ணு செஞ்சி தரச் சொல்லேன்” என்றாள். நான் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அலையின் உட்புறத்தில் நடக்காத முகூர்த்தத்தின் நாளும் நேரமும் பொன்னெழுத்தில் அழியாமல் இருந்தன. நான் சேர்த்துவைத்த தேதிகளில் அவ்வளவு துல்லியமாகவும் அவ்வளவு உதவாமலும் இருந்தது வேறில்லை.

செஞ்சிக்குத் திரும்பியபோது அண்ணி அடுப்படியில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அப்போது கப்பலுக்கு நூல் வெட்ட வைத்திருந்த அதே கத்தரிக்கோல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாலைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, “அவதான் குடுத்தான்னு எனக்குத் தெரியுமே தம்பி. என்கிட்ட வந்து சொல்ற? தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லு” என்றார்.

போய்ச் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் மட்டும், “செரி, அதுக்கு இப்ப இன்னா பண்ணணும்ன்ற?” என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுப்படிக்குத் திரும்பி வந்தேன். பால் பொங்கும் நிலையில் இருந்தது. அண்ணி அடுப்பைத் தணித்தார்.

“அந்தக் கப்பல் எப்டி இருக்குது?”

“சாஞ்சிடுச்சி அண்ணி.”

“தொறந்தே வெச்சிருந்தா சாயாம இன்னா பண்ணும்?” என்றார். “மூடி வெக்கச் சொல்லு.”