பன்னிரண்டாம் அறையின் வரி

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வேலை செய்தேன். தங்கியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குள் பொலிஸில் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவர் சோதனையில் அகப்பட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அதற்காக முதலாளி ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கிப் போட்டிருந்தார். அதில் லினக்ஸ் போட்டுத் தந்தவர் தெமட்டகொடையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் இளைஞர்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அடையாள அட்டையைப் பார்த்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அடிப்பேன். சொற்களாக வாசிக்கத் தெரியாது. அட்டையை வாங்குவேன், திருப்பிக் கொடுப்பேன். யாருடனும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மதியம் கரண்ட் போய் வந்தது. கொம்பியூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் நாலைந்து வரி வந்து அப்படியே நின்றது. முதலாளி புத்தளம் போயிருந்தார். தெமட்டகொடைக்கு டெலிபோன் எடுத்தேன். கடையை விட்டு வர முடியாது, போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றார் அவர். டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை ஒன்றைச் சொன்னார். பிழை காணும் இடமெல்லாம் அது நின்று கேட்குமாம். y என்றால் திருத்தும், n என்றால் விட்டுவிடும்.

டெலிபோன் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது, கொம்பியூட்டர் உள் அறையில். வயர் எட்டாது. கேள்வியை சிகரட் பெட்டி அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, எழுத்தெழுத்தாக போனில் சொன்னேன். திரும்பிப் போய் y அடித்தேன். அடுத்த கேள்வி வந்தது. விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தடவை வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது டீச்சர் எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காக ஐந்து வாரமாக நாலாம் அறையில் காத்திருந்தவர். கூரை ஒழுகியதால் அன்று காலைதான் அவரைப் பன்னிரண்டாம் அறைக்கு மாற்றி, பட்டியலிலும் அவர் பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணை, நீங்கள் போனைப் பிடியுங்கோ, நான் உள்ளுக்கு நிண்டு வாசிக்கிறன். இப்பிடி நடந்தால் மெஷினுக்கு முதல் நீங்கள் விழுந்திடுவியள்."

அவர் உரத்து வாசித்தார். நான் போனில் திருப்பிச் சொன்னேன். பதிலை நான் சொல்ல அவர் அடித்தார். வேலை வேகமாக நடந்தது. ஒரு கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஏதோ ஒரு ஃபைலின் கடைசித் துண்டுகள் இல்லாத இடத்தைக் காட்டுகின்றன, துடைத்துவிடவா என்று கேட்டது. அது எந்த ஃபைல் என்று தெமட்டகொடைக்காரரிடம் கேட்டேன்.

"அது எந்த ஃபைலெண்டு இங்க ஈந்து செல்ல ஏலா அண்ணன். துடைக்காட்டி மெஷின் எழும்பாது. y அடிக்கச் செல்லுங்க."

நான் சொன்னேன், டீச்சர் அடித்தார்.

கொம்பியூட்டர் எழும்பியது. பட்டியலைத் திறந்தால் அது பதினோராம் அறையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு வரி, பன்னிரண்டாம் அறையின் வரி, காணவில்லை. டீச்சர் என் பின்னால் நின்று பார்த்தார்.

"என்னை நானே துடைச்சுப் போட்டன்," என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையை எடுக்க மேலே போனார்.

அந்த வரியை மறுபடி அடித்து, அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கான்ஸ்டபிள் முதல் நாள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேற்று நாலு, இன்று பன்னிரண்டு, ஏன் என்று கேட்டார். பிறகு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அப்படிக் கூட்டிப் போகப்பட்ட சிலர் அன்று திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சிங்களம் வரும். ஆனால் பொலிஸில் "ஓவ் சேர்", ஆம் ஐயா, என்பதைத் தவிர வேறு எதையும் அதுவரை சொன்னதில்லை.

"நே சேர்," இல்லை என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். கூரை ஒழுகுவதையும், கட்டில் நனைந்ததையும், அறையை மாற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன். அந்த ஆளுக்கு நீ பொறுப்பா என்று கேட்டு பேனாவைத் தள்ளினார். டீச்சரின் வரிக்குப் பக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டு, என் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினேன். பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிரதியை வாங்கிப் பார்த்து, "இது ஆற்றை கையெழுத்து?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். எழுந்து மேலே போனார்.

மூன்று வாரம் கழித்து விசா கிடைத்து அவர் போகும் வரைக்கும், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.