சூப்பர்னு சொல்லு பாப்பா

எட்மண்ட் அண்ணன் இப்போது படப்பையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் நம்பரைச் சொல்கிறார்கள், இவர் போட்டுக் கொடுக்கிறார், அதோடு சரி. யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தாம்பரத்தில் அவரோடு பழக்கமுள்ளவர்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. வருடக்கணக்கில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டே பிழைத்த மனிதர் அவர். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: படம் எப்படி?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. அவர் அங்கே கேமராமேன், நான் எடிட்டிங். சேனல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு கேமரா, சூடேறினால் நின்றுவிடும் ஒரு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும் முதலாளி தயாளன். பகல் முழுக்கப் பழைய பாட்டு போடுவோம். இடையிடையே நகைக்கடை, பிரியாணிக் கடை, டுடோரியல் காலேஜ். வெள்ளிக்கிழமை புதுப்படம் இறங்கினால் தியேட்டர்க்காரர்கள் விளம்பரம் தருவார்கள். படம் பார்த்துவிட்டு வெளியே வரும் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் அந்த விளம்பரத்துக்கே உயிர்.

அது எப்படி எடுக்கப்படுகிறது என்று ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் எவர் கருத்தையும் நம்ப மாட்டார்கள். எட்மண்ட் அண்ணன் தியேட்டர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். முதலில் காலேஜ் பையன்கள். அவர்கள் வாயில் "செம" வர வேண்டும். அடுத்து கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அவருக்கு "ஃபேமிலியோட பாக்கலாம்". அப்புறம் ஒரு பெரியவர், "இந்த மாதிரி படம் பாத்து ரொம்ப நாளாச்சு". கடைசியாக ஒரு குழந்தை, "சூப்பர்". யாராவது சொந்தமாக எதையாவது சொல்லிவிட்டால் அண்ணனுக்குப் பேஜாராகிவிடும். பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் உதட்டில் சொல்லிக் காட்டுவார். இந்தப் பழக்கம் முற்றிப்போய், சர்ச்சில் பாஸ்டர் ஜெபம் செய்யும்போதும் அவர் உதடு அசையுமாம். அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தயாளன் புதுக் கேசட் வாங்கித் தர மாட்டார். அதனால் சரியாக வராத டேக்கை அண்ணன் விட்டுவைப்பதில்லை. உடனே அந்த இடத்துக்கே ரீவைண்ட் செய்து, அதன் மேலேயே அடுத்த டேக்கை எடுப்பார். ஜனங்கள் உண்மையில் சொன்னது அடியில் போய்விடும். சொல்லிக் கொடுத்தது மட்டும் நிற்கும். எங்கள் ஊரில் எந்தப் படமும் மோசமாக ஓடியதாக அந்தக் கேசட்டுகளில் சாட்சியே கிடையாது.

அந்த வருடக் கோடை விடுமுறைக்கு ஒரு கார்ட்டூன் படம் வந்தது. டிவியில் தினமும் சாயங்காலம் சூறாவளி வீரன் என்று ஒரு சூப்பர் ஹீரோ வந்துகொண்டிருந்தான். அவனுக்கு டமாரு என்று ஒரு எடுபிடி. வீரனின் அங்கியைத் துவைத்துக் காயப்போடுவது, தடுக்கி விழுவது, அடி வாங்குவது, இதுதான் டமாருவின் வேலை. பிள்ளைகளுக்கு வீரனைவிட இவனைத்தான் பிடித்துப்போனது. உடனே டமாருவை மட்டும் தனியே பிரித்து, அவனையே கதாநாயகனாக்கி, முழுநீளச் சிரிப்புப் படமாக எடுத்து, தமிழில் டப் செய்து இறக்கிவிட்டார்கள்.

முதல் நாள் மேட்னி முடிந்து வந்தவர்கள் சொன்னதை அண்ணன் திரும்பி வந்து எனக்கு நடித்தே காட்டினார். ஒரு பையன், "சூறாவளி வீரன் வருவான்னு வந்தா அவன் வேலைக்காரன காட்டி ஏமாத்துறானுங்க" என்று எகிறியிருக்கிறான். ஒரு தகப்பன், "பசங்க சிரிச்சுதுங்க சார், நான் ஏசியில நல்லா தூங்கினேன்" என்றாராம். ஒரு பெரியவர், "வேலை செய்யறவன் விழறத பாத்து சிரிக்கிறதுக்கு ஒரு படமா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் ரீவைண்ட். கடைசியில் என் கைக்கு வந்தது செம, ஃபேமிலியோட பாக்கலாம், ரொம்ப நாளாச்சு, சூப்பர் மட்டும்தான். படத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்த சூப்பரைச் சொன்னது ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. இரட்டைப் பின்னல், பச்சைப் பாவாடைச் சட்டை, முன்பல் ஒன்று இல்லை. "டமாரு சூப்பர், எல்லாரும் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். அந்தப் பல்லில்லாத சிரிப்புக்காகவே அதை விளம்பரத்தின் கடைசியில் வைத்தேன். நன்றாக எடுபட்டது. தயாளனே பாராட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு நாள் என்பதால் படமும் ஓடியது, விளம்பரமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை படத்தை மாற்றினார்கள், விளம்பரத்தையும் எடுத்துவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் மாடியேறி வந்தார். கறுப்பு புர்கா, முகம் மூடவில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"டமாரு படத்துக்கு ஒரு பாப்பா சூப்பர்னு சொல்லுமே, அத எடுத்தவரு யாருங்க?"

எட்மண்ட் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "நான்தாம்மா. உங்க பாப்பாவா? இன்னா அழகா பேசுச்சு தெரியுமா? அடுத்த படத்துக்கும் இட்டுகினு வாங்க, எடுத்துடலாம்."

"எம் பொண்ணு கைனாத் மவுத்தாயிட்டாண்ணா" என்றார் அவர்.

பிள்ளை இறந்துவிட்டது என்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணம் ஆனது. அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஹஃபீசா. அனகாபுத்தூர். கணவர் ஆசிப், அதாவது கைனாத்தின் அத்தா, பல்லாவரத்தில் பை தைக்கும் கம்பெனியில் வேலை. படம் பார்த்த மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மூளைக் காய்ச்சல் என்றார்கள். திரும்பி வரவில்லை. நாங்கள் அந்தப் பிள்ளையின் சிரிப்பை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த நாட்களில் பாதிக்கு மேல் அது உயிரோடு இல்லை.

"வூட்ல டிவிய அமத்தவே வுடல நான்" என்றார் ஹஃபீசா. "அவங்க அத்தா சண்டை போட்டாரு. துக்க வூட்ல டிவி ஓடுதேன்னு சொந்தக்காரங்க எல்லாம் ஏசுனாங்க. வெள்ளிக்கிழமையோட நின்னுபோச்சு. அதான் வந்தேன்."

"காப்பி போட்டுத் தர்றேன்மா. இப்பவே தர்றேன். ஜெயசீலி, சிடி எடு" என்று என்னிடம் சொன்னார் அண்ணன்.

"அது வேணாங்கண்ணா. அது அவ பேச்சு இல்ல. வேற ஒண்ணு இருக்குமே, அதுதான் வேணும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஹஃபீசா சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கு விளங்கியது. படம் விட்டதும் ஆசிப் வண்டியை எடுக்கப் போயிருக்கிறார். ஹஃபீசா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வரிசையில் நின்றிருக்கிறார். கைனாத்தைப் போஸ்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் அண்ணன் எடுத்திருக்கிறார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளைக்கு ஒரே குஷி.

"டிவி அங்கிள்கிட்ட நான் நெறைய சொன்னேம்மா, உன்னப் பத்தியும் சொன்னேன்னு சொன்னா. இன்னாடி சொன்னேன்னு கேட்டேன். இப்ப சொல்ல மாட்டேன், டிவில வரும், பாத்துக்கோன்னுட்டா. காய்ச்சலோட ரெண்டு நாளு டிவி முன்னாடியே படுத்துக் கெடந்தா. வரல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனப்புறம்தான் வந்துச்சு."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"படத்துக்குப் போன அன்னைக்குக் காலைல அவள அடிச்சேன். தம்பிக்கு ஆத்தி வெச்ச பால கொட்டிட்டா. முதுகுல வெச்சேன். அவ அழுதுகினே இருந்தான்னுதான் அவங்க அத்தா எல்லாரையும் படத்துக்கு இட்டுகினு போனாரு. என்னப் பத்தி இன்னா சொன்னான்னு தெரிஞ்சா போதும்."

எட்மண்ட் அண்ணன் அலமாரியில் கேசட்டுகளைப் புரட்டத் தொடங்கினார். எனக்குத் தெரியும், அதில் ஒன்றும் இருக்காது. அவருக்கும் தெரியும். முதலில் சொன்னதன் மேல்தான் சூப்பரை ஏற்றியிருக்கிறார். ஆனாலும் தேடினார். அந்தக் கேசட் கிடைத்தது. அதன் ஆரம்பத்தில், அப்புறம் அதே கேசட்டில் எடுத்த ஒரு விழாவில், கவுன்சிலர் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் திறந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த விழா சீக்கிரம் முடிந்துபோனதால் மிச்சம் அழியாமல் இருந்தது. செம வந்தது, ஃபேமிலி வந்தது, பெரியவர் வந்தார். அப்புறம் கைனாத். "டமாரு சூப்பர், எல்லாரும் வந்து பாருங்க." கட்டைவிரல். நான் எப்போதும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை, கேசட் தன்பாட்டுக்கு ஓடியது.

படம் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடியும் அதே போஸ்டர், அதே பச்சைப் பாவாடை. ஆனால் கைனாத் வேறு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கேமராவையே பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். முதல் டேக் நீளமானது, சொல்லிக் கொடுத்த டேக் சின்னது. அவள்தான் அன்றைக்குக் கடைசி ஆள் என்பதால் அந்த நீளத்தின் வால் மட்டும் தப்பித்துக் கிடந்திருக்கிறது.

"எங்கம்மாவும் டமாரு மாதிரிதான் அங்கிள். ஏன்னா எங்கம்மா வந்து..."

அதற்குள் எட்மண்ட் அண்ணனின் குரல் வந்தது. சத்தமாக, தெளிவாக, அன்பாகவே வந்தது. "போதும் பாப்பா, போதும். கேமராவ பாத்து சூப்பர்னு சொல்லு பாப்பா."

அத்தோடு நீலத் திரை.

ஹஃபீசா திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவை அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அந்த டமாரு பாத்திரத்த போட்டு ஒடைக்கிறான்" என்றார் மெதுவாக. "எல்லார்கிட்டயும் கத்துறான். அவன் கத்தும்போது தியேட்டரே சிரிச்சுது. இவளும் சிரிச்சா. கடைசில அவன்தான் ஊர காப்பாத்துறான். அப்ப எல்லாரும் கை தட்டுனாங்க, இவளும் தட்டுனா." அண்ணன் பக்கம் திரும்பினார். "எதுக்குண்ணா என்ன டமாரு மாதிரின்னு சொன்னா? அடிச்சேன்னு கோவமா சொன்னாளா, இல்ல ஆசையா சொன்னாளா? நீங்க எதிர்லதான நின்னீங்க. அதுக்கு முன்னாடி நெறைய சொல்லியிருப்பாளே."

அண்ணன் வாயைத் திறந்தார். எனக்கு அவரைத் தெரியும். எந்த ஆளுக்கு எந்த வார்த்தை என்று அவருக்கு அத்துப்படி. ஆசையாத்தாம்மா சொன்னா, எங்கம்மாதான் எல்லா வேலையும் செய்றாங்க, எங்கம்மாதான் எனக்கு சூப்பர் ஹீரோன்னு சொன்னா. அவர் உதட்டில் அது வந்துவிட்டதை நான் பார்த்தேன். சொல்லித் தொலையேன் அண்ணா என்று மனதுக்குள் கெஞ்சினேன். யார் தலையும் போய்விடாது.

அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கேக்கலம்மா. பேசிகினே இருந்துச்சு, எப்ப முடிக்கும்னுதான் பாத்துகினு இருந்தேன். ஒரு வார்த்த கூட காதுல வாங்கல. பொய் சொல்லக் கூடாது, சத்தியமா எனக்குத் தெரியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உண்மை பேசினார். பேசியதற்காக அவரைப் பாராட்டுவதா, கழுத்தைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஹஃபீசா அழவில்லை. புர்காவின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாகவும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன உதவி கேட்டு, அது கிடைக்காமல் போனால் பேசுவோமே, அப்படித்தான் பேசினார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்களேண்ணா. எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"