எனக்கு மட்டும் கொட்டவில்லை

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கங்காணி. காலையில் ஆள் கூடும் பெரட்டில் மலை மலையாக வேலைக்கு ஆள் பிரித்தபோது, கொழுந்தெடுக்கும் செல்வராணி அக்கா தயங்கினார்.

"கங்காணி, நீங்க போகச் சொல்ற மலையில மரத்துல குளவிக் கூடு தொங்குதுங்க. இன்னைக்கு வேற மலைக்குப் போவோமே."

"கொழுந்து முத்திப் போச்சுன்னா தொரைக்கு யாரு பதில் சொல்றது? சும்மா போங்க" என்றேன்.

பத்து மணிக்குக் குளவி கலைந்தது. "ஓடுங்க!" என்று கத்தினேன். கத்தும்போதே நான் ஓடிக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், தடுக்கி விழுந்த ஒரு பெண்ணை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மூடி, அவள் மேலேயே கவிழ்ந்து கிடந்தார் அக்கா. அவர் முதுகெல்லாம் குளவி. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேனே தவிர, என் கால் ஓர் அடிகூட முன்னால் போகவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. என் குரல் கேட்டதும், "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"வந்துட்டாங்க அக்கா."

"உங்களுக்கு ரொம்பக் கொட்டிருச்சா, கங்காணி?"

என் உடம்பில் ஒரு கொட்டுகூட இல்லை. அவருக்குக் கண் தெரியாதது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடியதைக்கூட மறந்துவிடலாம், அந்த நிம்மதியை மறக்க முடியவில்லை.