சாமைக்காட்டுப் பாட்டில் வந்த பதில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணலாக வரும். அது ஒரு காரணம். சபையார் மேல் இருந்த கோபம் இன்னொரு காரணம். சமீபத்தில் கம்பெனி பஸ்ஸில் பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி சபையில் நான் சொன்ன சாட்சியை எனக்கே சொன்னாள். "ஆம்பூர்ல ஒருத்தருக்குப் பேச்சு நின்னு போச்சாம்க்கா. ஜெபம் பண்ணி எண்ணெய் தடவுனதும் எழுந்து பிரசங்கமே பண்ணாராம்." அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் ஜவ்வாது மலையில் பிறந்த மலைஜனம். வாலிபத்தில் கீழே இறங்கி, தோல் பதனிடும் டேனரியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஷூ கம்பெனியில் தைக்கிறேன். அவர் பாட்டுக் கட்டுவார். தோல் சுமக்கும்போதே வாய்க்குள் ஓர் அடி ஓடும். ஞாயிற்றுக்கிழமை அது சபையில் பாட்டாகிவிடும். எங்கள் சபையில் பாதிப் பாட்டு அவருடையது.

கொரோனா அடங்கின பிறகு, ஒரு பங்குனி மாதம் வேலையிலேயே விழுந்தார். பக்கவாதம். வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கை மெல்ல அசைந்தது. பேச்சு வரவில்லை. எதற்கும் "தத்தா" என்றுதான் வரும். தண்ணீருக்கும் தத்தா, என் பெயருக்கும் தத்தா. எல்லாம் புரியும். சொல்லத்தான் முடியாது.

ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை, அவர் மனசிலிருந்து வரும் சொந்த வார்த்தை போதும் என்று கேட்டேன். மழைக்காலம் வந்தது, கிறிஸ்மஸ் வந்தது. பதில் வரவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பரீட்சை வைத்தார்கள். "என் பேர் இன்னா, சொல்லு பாப்போம்" என்பார் ஒருவர். ஸ்தோத்திரம் சொன்னால் தானாக வரும் என்பார் இன்னொருவர். அவர் கழுத்து நரம்பு புடைக்கும். தத்தா. ஒருநாள் டம்ளரை எறிந்துவிட்டார். எங்களுக்கு விசுவாசம் கம்மி என்றும் சொன்னார்கள். பாடகர் குழு கட்டிலைச் சுற்றி நின்று அவர் பாட்டையே பாடியது. அழுதார், வாய் திறக்கவில்லை. அன்று ஜெபத்தில் சண்டையே போட்டேன்: "உமக்குத்தானே பாடினாரு? அந்த வாயத்தான் எடுத்துக்கணுமா?"

தை மாதம் நாத்தனார் குப்பு மலையிலிருந்து சாமை கொண்டுவந்தாள். அவள் விசுவாசி இல்லை. வாசலில் உட்கார்ந்து புடைத்தபடி களையெடுப்புப் பாட்டைப் பாடினாள். மலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கேள்வியாகப் பாடினால், பக்கத்து வரிசைக்காரர் பதில் பாட வேண்டும். பதில் வரும்வரை கேட்டவர் கேலி செய்துகொண்டு நிற்பார்.

"சாமைக்காட்டுக்குப் போறவளே, உன் கூட வர்றது யாரு?"

முறத்தை நிறுத்தினாள். "இன்னா அண்ணா, பதிலுக்கு ஆள் இல்லியா? வாய டேனரில வுட்டுட்டு வந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவளை அடக்கத் திரும்பினேன். அதற்குள் கட்டிலிலிருந்து வந்தது.

"கூட வர்றது மேகந்தான், குடை பிடிக்கிறது மேகந்தான்."

சுத்தமான வார்த்தை. ஓடிப்போய் இன்னொரு வாட்டி சொல்லுங்க என்றேன். தத்தா. "சொல்லச் சொல்லாத அண்ணி, பாடிக் கேளு" என்று குப்பு மறுபடி பாடினாள். மறுபடி பதில் வந்தது. சபையார் அவருக்காகப் பாடினார்கள். அவருக்கு இடம் விட்டுப் பாடினது இவள்தான்.

பேச்சு அடிபட்டாலும் சிலருக்குப் பாட்டு தங்கியிருக்கும், அதை விடாதீர்கள் என்றார் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா. உடனே சிலர், அப்போ இது வைத்தியம்தானே என்றார்கள். வேறு சிலர், காட்டுப் பாட்டில் கர்த்தர் பதில் தருவாரா என்றார்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது. நான் கேட்டது வார்த்தை. ராகத்துக்கு நிபந்தனை போடவில்லையே.

ஆனாலும் அது பழைய பாட்டுதான், அவர் சொந்த வார்த்தை இல்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது பாடுவேன்: "கம்பெனிக்குப் போறவளே, உன் கூட வர்றது யாரு?" அவர் மேகந்தான் என்று பாடுவார். சித்திரையில் ஒரு காலை, பதில் வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. அவர் உதடு எதையோ தேடியது.

"கூட வர்றது கர்த்தருதான், குடை பிடிக்கிறது கர்த்தருதான்."

யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். பஸ் போய்விட்டது. சூப்பர்வைசர் திட்டினார். சிரித்துக்கொண்டே நின்றேன், இன்னும் ஜாஸ்தியாகத் திட்டினார்.

இப்போது தண்ணீருக்கு ஒரு மெட்டு, சோற்றுக்கு ஒரு மெட்டு வைத்திருக்கிறார். அடுத்த தெருவில் பீடி சுற்றும் அக்காவுக்கும் இதே நோய். தினமும் வந்து உட்காருவார். இவர் கேட்க, அக்கா பதில் பாடுவார். சாதாரணப் பேச்சு இன்னும் வரவில்லை. சில நாள் அவருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் முன்போல மூச்சுவிடாமல் ஜெபிப்பதில்லை. நடுவில் நிறுத்துகிறேன், பதிலுக்கு இடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் கஷ்டம் இருந்தால் நீங்களும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். கர்த்தர் தருவார்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எண்ணெயைச் சேர்க்காதீர்கள். குப்புவை எடுத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் பேசினார் என்று மாற்றாதீர்கள். அவர் பாடினார்.