பயூமியின் ஸ்டீயரிங்கில் நான்கு கைகள்

கெய்ரோவின் இம்பாபா பேட்டையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஷவ்கிக்குத் தான் ஒரு விஞ்ஞானி என்பதில் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். போன வருஷம் அவன் செய்த கொசு விரட்டி, கொசுவை விட்டுவிட்டு எதிர்வீட்டுப் பூனையை விரட்டியது. அதையும் வெற்றிக் கணக்கில்தான் வைத்திருக்கிறான்.

அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது நிஸ்மாவை. அவள் அப்பா பயூமி, ராம்சேஸ் ரயிலடிக்கு மைக்ரோபஸ் ஓட்டுகிறவர். அந்த வண்டியில் நசுங்காத இடம் என்றால் கூரை நடுவில் ஒரு சாண் தேறும். பெண் கேட்டுப் போனவனிடம் அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"பெரிய மூளைக்காரனாமே நீ? என் வண்டி ஒரே ஒரு நாள் கீறல் படாம வீடு வந்து சேரட்டும். வியாழக்கிழமையே நிக்காஹ். இல்லேன்னா இந்தத் தெருப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

"ஆகட்டும் உஸ்தா," என்றான் ஷவ்கி. டிரைவரை உஸ்தா என்று கூப்பிடாவிட்டால் எங்கள் ஊரில் வண்டியே நிற்காது. பெண் எப்படிக் கிடைக்கும்?

அதற்காக ஒரு பெட்டி தயாரானது. ஸ்டீயரிங்கின் பஞ்சு உறைக்கு அடியில் செம்புக் கம்பி. இரண்டு கை பட்டிருந்தால் பச்சை விளக்கு. ஒரு கையை எடுத்தால் கத்தும். உடைந்த பொம்மையின் ஸ்பீக்கர், பழைய போனின் பாட்டரி. மொத்தச் செலவு ஒரு கோழி விலை. மூடியில் 'ஸ்மார்ட்' என்று பெயின்டில் எழுதினான்.

முதலில் அது 'பீப்' என்றுதான் கத்தியது. கெய்ரோவில் பீப் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவன் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியிருப்பான். பயூமி அஞ்சும் சத்தம் உலகத்தில் ஒன்றே ஒன்று, அவர் பெண்சாதி அதியாத்தின் குரல். அதைத் தெருமுனையில் பேசிக் காட்டிப் பெயர் வாங்கியவன் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக் கொடுத்தேன்: "பயூமி! கையை எங்கே வெச்சிருக்கே?"

சோதனை நாளன்று நிஸ்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். ஷவ்கியும் நானும் பின்னால்.

காசு தோள் தோளாக முன்னே போனது. "உஸ்தா, இருபதுல ரெண்டு பேருக்கு எடுத்துக்க!" பயூமி மீதி எடுக்கக் கையை நீட்டினார்.

"பயூமி! கையை எங்கே வெச்சிருக்கே?"

அவர் துள்ளிய துள்ளலில் வண்டி நடைபாதை ஏறப் பார்த்தது. அடுத்த தடவை துள்ளவில்லை. பெட்டிப் பக்கம் முழுசாகத் திரும்பிச் சண்டைக்கே போய்விட்டார். "ஏண்டி, மீதிக் காசை உங்கப்பனா வந்து குடுப்பான்?"

"அவங்க சொல்றது சரிதானே உஸ்தா!" என்றாள் ஒரு பருத்த அம்மாள்.

"வீட்லதான் விடமாட்டேங்கறா, ரோட்லயுமா?" என்று பரிதாபப்பட்டார் ஒரு கிழவர்.

எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய கழுதை வண்டி. நிஸ்மா எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒடித்தாள். கழுதையின் காது தப்பியது. பெட்டியும் கப்சிப். அதற்கு இரண்டு கை வேண்டும். யார் கை என்று அது கேட்கவில்லை.

அப்புறம் அவள் கையை எடுக்கவே இல்லை. அப்பா ஒரு கையால் மீதி கொடுத்தார், அவரைக்கொட்டை மசித்த ஃபூல் ரொட்டி தின்றார், சன்னலுக்கு வெளியே கை நீட்டி அடுத்த டிரைவரின் வம்சத்தை விசாரித்தார். மதியத்துக்கு மேல் பயூமி காலால் மட்டுமே வண்டி ஓட்டினார். ஷவ்கியோ பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் பயூமி வண்டியைத் தடவித் தடவிச் சுற்றி வந்தார். புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. "அட, பெட்டி வேலை செய்யுதேடா!"

"விஞ்ஞானம், உஸ்தா," என்றான் ஷவ்கி.

நிஸ்மா மணிக்கட்டை நீவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்தால் பல் இருக்காது என்று புரிந்தது. வியாழக்கிழமை வயிறு நிறையக் கல்யாணச் சாப்பாடு.

ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் பெட்டி வாங்கினார்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். "டேய் விஞ்ஞானி, இது ஓயாம கத்துது. பயூமி வண்டியில மட்டும் எப்படிடா சும்மா இருந்துச்சு?"

ஷவ்கி தலையைச் சொறிந்துகொண்டு வீட்டில் போய்க் கேட்டான்.

"பெட்டியில ஒரு குறையும் இல்லங்க," என்றாள் நிஸ்மா. "ரெண்டு கைதான் குறையுது."

அவன் ராத்திரியெல்லாம் யோசித்தான். காலையில் அத்தபா சந்தைக்குப் போய், துணிக்கடை பொம்மைகளின் கைகளை ஒரு மூட்டை வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் செம்புக் கம்பி சுற்ற ஆரம்பித்தான்.