நான் போட்ட பத்து மதிப்பெண்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை ஏழு இருபது. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாக மெலிந்திருந்தது. பைபாஸ் ஓரம் நாங்கள் புதிதாக எடுத்த கிடங்கின் வாசலில் நின்று வண்டிகளை எண்ணத் தொடங்கினேன். கிடங்கு திறந்து பதினேழாவது நாள். என் கணக்குப்படி பத்து மணிக்குள் சரக்கெடுக்க இருபத்தாறு டெம்போ வர வேண்டும். வந்தவை மூன்று. அதில் ஒன்று வழி கேட்க நின்றது.

என் தம்பி ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பத்தோரு வருடமாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். நான் கணக்கு அதிகாரியாக ஓய்வு பெற்றவன். வாடகைக் கடையைப் பழுது பார்த்து அங்கேயே இருப்பதா, பைபாஸுக்குப் போவதா என்று அவன் கேட்டபோது, என் சேமிப்பைப் போடுவதாகச் சொல்லி முடிவை என் கையில் வாங்கிக்கொண்டேன். பழைய கடையில் போடும் பணம் திரும்ப ஆறு வருடம்; பைபாஸில் மூன்று வருடம் இரண்டு மாதம். எண்ணால் அளக்க முடியாத விஷயங்களுக்கும் நூறில் இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தேன்.

தம்பி என் கணக்குத் தாளைப் புரட்டினான். "ஆளுங்க வருவாங்களான்னு எங்க அண்ணாச்சி இருக்கு?"

"இருக்கே. வாடிக்கையாளர் பழக்கம். நூத்துக்குப் பத்து."

"முப்பத்தோரு வருஷத்துக்குப் பத்தா? பரவால்ல, முட்டை போடாம விட்டீங்களே."

இருவரும் சிரித்தோம்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனேன். பழைய கடைச் சாவியை ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்தான். அந்தக் கடையை எடுக்க வேறொருவர் காத்திருந்தார். எங்களிடம் பருப்பு எடுத்துவந்த நெடுமங்காட்டு டெம்போக்காரர் சாமான் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைச் சுமைத் தொழிலாளிகளில் மூத்தவரிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். மூத்தவர் எட்டுக் கடை ஏறி இறங்கி மிளகாய், வெல்லம், கயிறு எல்லாவற்றையும் அந்த ஒரே வண்டியில் ஏற்ற வைத்தார். பருப்பு எதிர்க்கடையிலிருந்து போயிற்று.

இத்தனை வருடத்தில் நான் கடைக்குப் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், பேரேடு பார்க்க. ஞாயிறு அங்கே சுமை ஏறுவதில்லை.

"எங்க கடையை விட்டுட்டீங்களே" என்றேன் மூத்தவரிடம். மலையாளம் கலந்து பதில் வந்தது.

"ஞங்கள் விட்டதல்ல சாரே, நீங்க போனதல்லே? ரெண்டு சாக்கு துவரைக்கு வேண்டி வண்டி பைபாஸ் வரை ஓடுமோ? டீசலுக்கு சார் காசு தருமோ? தம்பிகிட்ட அன்னைக்கே பறஞ்சேன். அண்ணன் கணக்கு போட்டாச்சுன்னு சொன்னாரு."

வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்தேன். அந்தப் பத்துக்கு அடியில் அழித்த பென்சில் தடம். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முப்பது. முப்பதாகவே விட்டிருந்தால் பழைய கடை ஜெயித்திருக்கும். விடை பிடிக்காமல் நான்தான் அழித்திருக்கிறேன், அழித்ததையும் மறந்திருக்கிறேன். இதே வேலையைப் பிறர் கணக்குகளில் பிடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

மாலையே தாளைத் தம்பியிடம் காட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும்னு சொல்ல மாட்டேன், அண்ணாச்சி. நானும் உங்க கணக்கைத்தான் நம்பினேன்" என்றான். மறுநாள் கட்டட உரிமையாளர் வீட்டுக்கு இருவரும் போனோம். வாடகையைக் கூட்டிக்கொண்டு கடையை எங்களுக்கே விட்டார்.

பைபாஸ் கிடங்குக்காரர் திருப்பித் தராத முன்பணம் ஆறு லட்சம். அங்கே தளம் போட்டது மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். சரக்கைத் திரும்பச் சுமந்தது பதினெட்டாயிரத்து நானூறு. தம்பி பாதி தருவதாகச் சொன்னான், நான் வாங்கவில்லை. ஆக, என் கையிலிருந்து போனது ஒன்பது லட்சத்து அறுபதாயிரத்து நானூறு ரூபாய்.